முதல் முறை அக்குபங்சர்: டாக்டரம்மா பதில்கள்

சென்ற இதழில் கழுத்து வலிக்காரர் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "விருப்பமிருந்தால் அக்குபங்சரும் செய்து பார்க்கலாம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி போட்டுச் செய்யும் சீன வைத்தியம் அது. கழுத்து வலியை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிப் பேருக்கு ஊசி பயம். மீதிப் பேருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை. நான் எம்.பி.பி.எஸ். படித்துப் பொது மருத்துவம் பார்ப்பவள். அக்குபங்சரும் முறையாகக் கற்று, கிளினிக்கின் பின்னறையில் இரண்டு கட்டில் போட்டுச் செய்துவருகிறேன். ஆகவே இரண்டு தரப்பாரிடமும் திட்டு வாங்கும் தகுதி எனக்கு உண்டு. இந்த இதழ்ப் பக்கம் முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே.

கேள்வி: எனக்கு வயது 58. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். மகள் அக்குபங்சருக்குப் போகச் சொல்கிறாள். ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தினாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிறவள் நான். முதல் நாள் என்னென்ன செய்வார்கள்? எப்படித் தயாராகப் போக வேண்டும், டாக்டரம்மா?
(வாசகி, விருதுநகர்)

பதில்: ஊசியை முதலில் பேசி முடித்துவிடுவோம். இல்லையென்றால் நான் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் மனம் அதிலேயே நிற்கும். ரத்தம் எடுக்கிற ஊசி உள்ளே துளையுள்ள குழாய். அதன் முனை சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். தோலை அறுத்துக்கொண்டுதான் இறங்கும். அக்குபங்சர் ஊசிக்குத் துளையே கிடையாது. அதன் வழியே எந்த மருந்தும் ஏறாது. நான் பெரும்பாலும் எடுப்பது 0.25 மில்லிமீட்டர் தடிமன். ரத்தம் எடுக்க வழக்கமாக எடுப்பது 0.7, 0.8 மில்லிமீட்டர். விரலால் அழுத்தினால் இது வளையும். எறும்பு கடித்தது போல இருக்கும் என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். எறும்பு கடித்தால் வலிக்கும், அம்மா. தோலில் நுழையும்போது சுருக்கென்று ஒரு நொடி; பல இடங்களில் அதுவும் தெரியாது. விரல் நுனி, உள்ளங்கால் போன்ற இடங்களில் நன்றாகவே தெரியும். முழங்காலுக்கு அங்கெல்லாம் போக வேண்டிய தேவை அநேகமாக இராது.

உணர்ச்சி வருவது ஊசி உள்ளே போன பிறகுதான். கொஞ்சம் திருகி, ஏற்றி இறக்கும்போது அந்த இடத்தில் ஒரு கனம், அமுக்கம், மரமரப்பு பரவும். சிலருக்குக் கணுக்கால் வரை இழுக்கும். அதை எதிர்பார்த்துத்தான் திருகுகிறோம், பயப்பட வேண்டாம். ஆனால் சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது போலவோ எரிச்சலாகவோ இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். உடனே சொல்லுங்கள். ஊசியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் சரியாகிவிடும். நம் ஊர்ப் பெண்கள் சொல்வதில்லை. "டாக்டர் தப்பாக நினைத்துக்கொள்வார்" என்று இருபது நிமிடம் தாங்கிக்கொண்டு கிடப்பார்கள்.

இனி, தயாராவது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள்; ஊசி போட்டதும் தலை சுற்றி மயங்குகிறவர்களில் பலர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர்களே. ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். முழங்காலுக்கு மேல் வரை எளிதாக ஏற்றிக்கொள்ளும்படி தளர்வான உடை. புடவை என்றால் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டாம். கொலுசையும் மெட்டியையும் வீட்டிலேயே கழற்றிவைத்தால் உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. காலில் வலித் தைலம் தேய்த்துக்கொண்டு போகாதீர்கள். ஸ்பிரிட் பஞ்சால் எத்தனை முறை துடைத்தாலும் வழுக்கும், தைலத்தின் காரத்தால் சிவந்த தோலில் எதையும் சரியாகப் பார்க்கவும் முடியாது. நாக்கைப் பார்ப்பார்கள், அதன் நிறமும் மேலே படிந்திருக்கும் பூச்சும் இந்த முறையில் கணக்கில் வரும். அன்று காலை நாக்கை வழிக்க வேண்டாம், வெற்றிலை போடவும் வேண்டாம். காபி குடித்த கையோடு வந்து நாக்கை நீட்டினால் அது காபியின் நிறம்.

எக்ஸ்ரே இருந்தால் எடுத்துப் போங்கள். அதைவிட முக்கியம், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போன்றவை இருந்தால் கட்டாயம் தெரிய வேண்டும். சிலர் ஊசியில் லேசான மின்சாரமும் கொடுப்பார்கள்; இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் அது கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் சூடு வைக்கும் சிகிச்சையில் கொப்புளம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இவற்றையெல்லாம் கேட்காமலே ஊசியை எடுக்கிறவரிடம், "கேட்க மறந்துவிட்டீர்களே" என்று எழுந்து வந்துவிடலாம்.

முதல் நாளில் ஊசியைவிடப் பேச்சுக்குத்தான் அதிக நேரம் போகும். எப்போது வலி, எழுந்ததுமா, மாலையிலா, படி ஏறும்போதா, இறங்கும்போதா; தூக்கம், பசி, மலச்சிக்கல், மாதவிடாய் நின்ற வயது என்று கேட்பார்கள். முழங்காலுக்கும் மலச்சிக்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று முறைக்காதீர்கள். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார்கள். பிறகு நடக்கச் சொல்வார்கள், முழங்காலை மடக்கி நீட்டிப் பார்ப்பார்கள்.

படுக்கையில் மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. காலை மடக்கினால் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு குழி விழும். அந்த இரண்டும் முக்கியமான புள்ளிகள். இன்னொன்று சில்லுக்குக் கீழ் நான்கு விரல் அகலம் இறங்கி, எலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. யாருடைய விரல் என்றால், உங்களுடையது. என் கை சிறியது. ஆறடி ஆளின் காலை என் விரலால் அளந்தால் புள்ளி தப்பிவிடும். அதனால் நோயாளியின் கையையே பிடித்து அவர் காலில் வைத்து அளப்பேன். கைரேகை பார்க்கப்போகிறேன் என்று நினைத்து உள்ளங்கையைத் திருப்பிக் காட்டியவர்கள் உண்டு.

இந்த நேரத்தில் கண்ணை மூடாதீர்கள். ஒரே ஒரு விஷயத்துக்காகவாவது திறந்து வைத்திருங்கள். ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு முறை, அதோடு அது குப்பைக்கு. "உங்களுக்கென்று தனி டப்பாவில் எடுத்துவைத்திருக்கிறோம், அடுத்த முறையும் இதுதான்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஹெபடைடிஸ் பி போன்ற தொற்று ஊசி மூலம் பரவும். பொட்டலத்திலிருந்து ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயோடு ஊசி வெளியே வரும். குழாயைத் தோலில் நிறுத்தி, மேலே எட்டிப் பார்க்கும் கைப்பிடியை ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு. ஊசி தோலைத் தாண்டிவிடும். குழாயை உருவிவிட்டு, வேண்டிய ஆழத்துக்கு இறக்குவார்கள். முழங்காலைச் சுற்றி ஐந்தாறு, கையில் ஒன்றிரண்டு இருக்கலாம். இருபதிலிருந்து முப்பது நிமிடம் அப்படியே. பலர் தூங்கிப்போவார்கள். மின்விசிறி காலில் நேராக அடித்தால் குறைக்கச் சொல்லுங்கள். காலை உதறினால் ஊசி வளையும். கைக்கெட்டும் தூரத்தில் கூப்பிட ஒரு மணியாவது இருக்க வேண்டும்.

எடுக்கும்போது எண்ணி எடுக்க வேண்டும். போட்டது எட்டு என்றால் எடுத்ததும் எட்டு. எடுத்தவற்றைத் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. ஒரு சொட்டு ரத்தம் வரலாம். பஞ்சால் அழுத்தினால் நிற்கும். மறுநாள் ஒரு சிறு நீலக் கன்றல் இருக்கலாம். எழுந்ததும் ஓடாதீர்கள், பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, முடிந்தால் மகளோடு போங்கள்.

தேய்ந்த குருத்தெலும்பை ஊசி வளர்க்காது, அம்மா. வலி குறையும், நடை இலகுவாகும் என்று எதிர்பார்ப்பது நியாயம். அடுத்த எக்ஸ்ரே மாறியிருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலி குறைந்த நாட்களில் தொடைத் தசைக்கான பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். பலன் நிலைப்பது அதில்தான்.

கேள்வி: எத்தனை சிட்டிங் போக வேண்டும்? முதல் சிட்டிங் முடிந்த இரவு என் தோள் வலி கூடிவிட்டது. கேட்டால், "கழிவு வெளியேறுகிறது, நல்லதுதான்" என்கிறார்கள். இருபது சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடியாம்.
(வாசகர், ஈரோடு)

பதில்: வலி கூடுவது சிலருக்கு நடக்கும். பிரிட்டனில் டாக்டர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் செய்த ஏறத்தாழ 32,000 அமர்வுகளைக் கணக்கெடுத்து 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. நூற்றுக்கு மூன்றில் லேசான ரத்தக்கசிவு, நூற்றுக்கு ஒன்றில் ஊசி குத்திய வலி, நூற்றுக்கு ஒன்றில் இருந்த தொந்தரவு கூடுதல். கூடியவர்களில் பெரும்பாலோருக்குப் பிறகு குறைந்தது. ஆகவே ஒரு இரவு, ஒரு நாள் என்றால் பொறுக்கலாம். மூன்றாம் நாளும் அப்படியே என்றால் அது கழிவுமல்ல, நல்லதுமல்ல. ஊசி போட்டவரிடம் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டிய விஷயம்.

இன்னொன்றையும் தோள் வலிக்காரர் தெரிந்துகொள்ள வேண்டும். தோள்மேட்டிலும் மேல்முதுகிலும் நெஞ்சிலும் ஊசி அளவுக்கு மீறி ஆழமாகப் போனால் நுரையீரலைத் துளைத்து, அதைச் சுற்றிக் காற்று புகுந்துவிடும். மிக மிக அரிது. ஆனால் சிகிச்சை முடிந்த சில மணி நேரத்தில் மூச்சுத் திணறலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தலோ வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய், "இன்று முதுகில் அக்குபங்சர் ஊசி போட்டார்கள்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சிட்டிங் கணக்குக்கு வருகிறேன். நாள்பட்ட வலிக்கு வாரம் ஒன்று அல்லது இரண்டு. ஒற்றைத் தலைவலியைத் தடுக்க பிரிட்டன் அரசின் வழிகாட்டுதல் சொல்வது ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள் அதிகபட்சம் பத்து. நான்கைந்து முறைக்குப் பிறகும் கொஞ்சம்கூட அசைவில்லை என்றால் நானே நிறுத்தச் சொல்லிவிடுவேன். இருபதுக்கு முன்பணம் வாங்கியவர் எப்படி நிறுத்தச் சொல்வார்? தள்ளுபடிக்கு ஆடி மாதம் இருக்கிறது, வைத்தியத்துக்கு வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒருவர் ஊசியே போடுவதில்லை. நாடி பிடித்துவிட்டு ஒரே ஒரு புள்ளியை விரலால் தொடுகிறார். பலருக்குச் சரியாகியிருக்கிறது என்கிறார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் இன்றே நிறுத்த வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. நிறுத்தலாமா?
(வாசகர், திருப்பூர் மாவட்டம்)

பதில்: கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

தொட்டு வைத்தியம் செய்வதால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதில் குணமாகிறதா என்பது வேறு கேள்வி. கெடுதல் அந்த நிபந்தனையில் இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், குறிப்பாகச் சிறு வயதிலேயே சர்க்கரை வந்தவர், அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தம் அமிலமாகி நினைவு தப்பும், உயிரே போகலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரும். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அன்று ஒன்றும் தெரியாது. தெரியாமலிருப்பதுதான் ஆபத்து, தெரிகிற நாளில் ஒரு பக்கக் கை கால் விழுந்திருக்கும். இதய மாத்திரைகளில் சில, நிறுத்திய வேகத்திலேயே நெஞ்சுவலியைக் கொண்டுவரும்.

"மாத்திரையை விட்டு ஒரு மாதமாகிறது, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் குளுக்கோமீட்டரில் பார்த்தால், அந்த எந்திரம் எண்ணைக் காட்டாமல் 'HI' (அளவுக்கு மீறிய அதிகம்) என்று மட்டும் காட்டிய நாட்கள் உண்டு. சர்க்கரை ஏறுவதும் நாவறட்சியும் அடிக்கடி சிறுநீரும் கழிவு வெளியேற்றம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எதைக் கேட்டாலும் ஒரே பதில் வருகிற இடத்தில் கேள்வி கேட்டுப் பயனில்லை.

பசித்தால் சாப்பிடு, அரைத்து மென்று விழுங்கு, நேரத்தோடு தூங்கு என்று அவர் சொல்வாரே, அவையெல்லாம் நல்லவை. எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அதை எழுதிக்கொடுத்தவரிடம், ரத்தப் பரிசோதனையைக் கையில் வைத்துக்கொண்டு.

கேள்வி: பொறியியல் படித்தவன் என்பதால் கேட்கிறேன். உடம்பில் சக்தி ஓட்டம், அது ஓடும் பாதைகளில் 361 புள்ளிகள் என்பதெல்லாம் நிரூபிக்கப்பட்டதா? வெறும் மன நம்பிக்கைதானே?
(வாசகர், கோவை)

பதில்: பொறியியல் படிக்காதவர்களும் கேட்கலாம், நல்ல கேள்வி. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முறைப்படி அக்குபங்சர். ஒரு பிரிவுக்குப் புள்ளிகளைத் தவிர்த்து, மேலோட்டமாகச் சும்மா ஊசி. மூன்றாவது பிரிவுக்கு மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி. 2007-இல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம்.

முதல் இரண்டு எண்களை மட்டும் காட்டி "எங்கே குத்தினாலும் ஒன்றுதான்" என்பார் ஒருவர். முதலாவதையும் மூன்றாவதையும் காட்டி "மாத்திரையைவிட மேல்" என்பார் இன்னொருவர். இருவரும் எண்ணைத் திரிக்கவில்லை. ஊசி உடம்பில் எதையோ தூண்டுகிறது; எண்டார்ஃபின் போன்ற வலிகுறைக்கும் சுரப்புகள் அதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன; நோயாளியின் எதிர்பார்ப்புக்கும், அருகில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசும் மருத்துவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. சக்தி ஓட்டத்தை எந்த ஸ்கேனிலும் நான் பார்த்ததில்லை. புள்ளிகளை நினைவில் வைத்துக்கொள்ள அந்தப் பழைய கணக்கு எனக்கு உதவுகிறது, அவ்வளவுதான். நாள்பட்ட முதுகு, கழுத்து, முழங்கால் வலி, தலைவலி, வாந்தி உணர்வு ஆகியவற்றுக்கு இதை நான் சிபாரிசு செய்வேன். புற்றுநோயைக் கரைக்கும், சிறுநீரகக் கல்லை உருக்கும் என்ற பலகையைப் பார்த்தால் வேறு தெருவில் நடந்து போங்கள்.

கேள்வி: சீனாவில் மயக்க மருந்தே இல்லாமல் அக்குபங்சர் ஊசியால் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு ஆபரேஷன் செய்தார்களாமே?
(வாசகர், காரைக்குடி)

பதில்: இந்தக் கதை ஐம்பது ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஜேம்ஸ் ரெஸ்டன். 1971 ஜூலையில் பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) போயிருந்தபோது குடல்வால் அழற்சி வந்து, அங்கேயே ஆபரேஷன் ஆனது. அதற்கு வழக்கமான மரத்துப்போகும் மருந்தைத்தான் ஊசியில் ஏற்றினார்கள். அக்குபங்சர் வந்தது அதற்குப் பிறகு. மறுநாள் இரவு வயிறு உப்பி அவதிப்பட்டபோது, வலது முழங்கையிலும் இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் ஊசி போட்டார்கள். உப்புசம் தணிந்தது என்று அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். படித்தவர்கள் இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிட்டார்கள். அமெரிக்கர்களுக்கு முன்பே நமக்கு இது தெரியும் என்பது உபரித் தகவல்: 1938-இல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில், அக்குழுவின் புகழ்பெற்ற டாக்டர் கோட்னிஸுடன் இருந்த டாக்டர் பி.கே. பாசு, 1950-களின் இறுதியில் மறுபடி சீனா போய் இதைக் கற்றுக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்.

கேள்வி: இரண்டரை மாதக் கர்ப்பம். வாந்தி தாங்கவில்லை. அக்குபங்சர் செய்யலாமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: முதலில் நீங்களே செய்து பாருங்கள், ஊசி வேண்டாம். மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கை நோக்கி உங்கள் மூன்று விரல் அகலம் அளந்து, நடுவில் கயிறு போலத் தெரியும் இரண்டு தசைநாண்களுக்கு இடையே கட்டை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். இரண்டு கையிலும் செய்யலாம். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது. ஊசிக்குப் போனால் வாசலிலேயே கர்ப்பம் என்று சொல்லிவிடுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள புள்ளியையும் உள்கணுக்காலுக்கு மேலே உள்ள புள்ளியையும் கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்பது வழக்கம். தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போகிறது என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். டிரிப் ஏற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: முறையாகப் படித்தவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகர், வேலூர்)

பதில்: அக்குபங்சரைச் சிகிச்சை முறையாக அங்கீகரித்து மத்திய அரசு 2019 பிப்ரவரியில் ஆணை வெளியிட்டது. மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் தனிச் சட்டமே வைத்திருக்கின்றன. நம் ஊரில் ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். படித்த யோகா, இயற்கை மருத்துவர்களுக்கு அக்குபங்சரும் பாடம். சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. கூச்சப்படாமல் என்ன படித்தீர்கள், எங்கே, எத்தனை காலம் என்று கேளுங்கள். முறையாகப் படித்தவர் மகிழ்ச்சியாகச் சொல்வார். சுவரில் இருக்கும் சான்றிதழில் கண்ணாடிச் சட்டத்தின் அழகை விட்டுவிட்டு, வார இறுதி வகுப்பா, ஆண்டுக் கணக்கா என்று பாருங்கள்.

கேள்வி: ஊசி இருக்கும்போது தும்மல் வந்தால் என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: தும்முங்கள். கை காலில் இருக்கும் ஊசி ஒன்றும் ஆகாது. முதுகிலோ நெஞ்சிலோ இருந்தால், தும்மல் வருகிறது என்று முன்னமே குரல் கொடுங்கள். ஜலதோஷத்தோடு வந்திருந்தால் அதைப் படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், அன்று அந்தப் புள்ளிகளை விட்டுவிடுவார்கள். ஏதாவது ஊசி நழுவி விழுந்தால் எழுந்து தேட வேண்டாம், மணியை அடியுங்கள்.